இல்லாத எரிமலையும் இருக்கின்ற கடலும்

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் அண்மையில் என் மேசைமீது ஒரு சிறு போத்தலைக் கொண்டுவந்து வைத்தான். உள்ளே கரிய மணல் இருந்தது. விடுமுறையில் கொக்கிளாய்க்குப் போனபோது கடற்கரையில் அள்ளியதாகச் சொன்னான். பிறகு, இரகசியம் பேசுபவனைப்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்:

"சேர், இது எரிமலைச் சாம்பல்தானே? குமரிக்கண்டத்தை விழுங்கின எரிமலை எங்கட கடலுக்குக் கீழதான் கிடக்காம். அது திரும்ப வெடிக்குமோ?"

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. இரண்டு கிழமைகளுக்கு முன்னர்தான் எங்கள் தமிழ் விழா மேடையில் ஒரு பேச்சாளர், கடலடியில் கிடக்கும் ஆதித் தாயகத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் முழங்கினார். மலைகள் தீக்கக்கின, நிலம் பிளந்தது, தமிழன் உலகெங்கும் சிதறினான் என்றார். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். முன் வரிசையில் இருந்த நானும் கைதட்டினேன். அந்தப் போத்தலைக் கண்டபோதுதான் என் கைகள் கூசின.

அந்தப் பேச்சாளரைச் சாடுவதற்காக இக்கட்டுரையை எழுதவில்லை. அவர் பேசியது அவருடைய சொந்தச் சரக்கன்று; தலைமுறை தலைமுறையாகத் தமிழாசிரியர்களாகிய நாங்கள் வகுப்பறைகளில் விதைத்ததன் அறுவடையே அது. ஆகவே குற்றவாளிக் கூண்டில் நான் நிறுத்துவது எங்களைத்தான், முதலில் என்னைத்தான்.

மாணவனின் வினாவுக்கு விடையை முதலில் கூறிவிடுகிறேன். வன்னியில் எரிமலை இல்லை. வன்னிக் கரையை அடுத்த கடலடியிலும் இல்லை. இலங்கை முழுவதிலுமே இல்லை. எரிமலைகள் நினைத்த இடத்தில் முளைப்பன அல்ல. புவியின் மேலோடு பெருந் தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு தட்டு இன்னொன்றின் கீழ் அமிழ்கின்ற விளிம்புகளிலும், இரு தட்டுகள் விலகுகின்ற பிளவுகளிலுமே பெரும்பாலான எரிமலைகள் எழுகின்றன. இலங்கையோ அத்தகைய விளிம்புகளுக்கு வெகு தொலைவில், தட்டின் உட்புறத்தே அமைந்த நிலம்.

வவுனியாவிலும் அதைச் சூழ்ந்த காடுகளிலும் ஆங்காங்கே தலைநீட்டும் பாறைத் திட்டுகளை நாம் நாளும் கடந்து போகிறோம். அவற்றின் வரலாறு எந்தப் புராணத்துக்கும் இளைத்ததன்று. இலங்கையின் பழம்பாறைகளைப் பகுத்தாராய்ந்த புவிச்சரிதவியலார் அவற்றுள் ஒரு பெரும் பிரிவுக்கு 'வன்னித் தொகுதி' என்றே பெயரிட்டிருக்கிறார்கள். உலகின் எந்த மூலையில் இருந்து இத்தீவின் பாறைகளைப் படிக்க வரும் மாணவனும் எங்கள் மண்ணின் பெயரை உச்சரித்தே தீரவேண்டும். அப்பாறைகள் நிலத்தின் ஆழத்தில் வெந்தும் நெரிந்தும் இன்றைய உருவத்தை அடைந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அக்காலத்தில் இலங்கை, மடகஸ்காரோடும் அந்தாட்டிக்காவோடும் ஒட்டிக்கிடந்த ஒரு பெருநிலத்தின் துண்டு. கிளிநொச்சி மாவட்டத்தின் வடபகுதியிலோ நிலை வேறு. யாழ்ப்பாணத்தைத் தாங்கும் சுண்ணாம்புக்கல் அங்கும் பரந்திருக்கிறது. அது அண்மைக் காலத்துப் பிள்ளை. மயோசீன் யுகத்தின் ஆழமற்ற கடலில் படிந்தது. காலடியில் இத்தனை செல்வமிருக்க, வன்னித் தொகுதி என்ற சொல்லை ஒருமுறையேனும் கேட்டிராத எங்கள் மாணவன், இல்லாத கண்டத்தின் ஆறு மலைகளை ஒப்புவிக்கிறான்!

அவனுடைய கரிய மணலும் சாம்பலன்று. எரிமலைத் தீவுகளில் கடற்கரை கறுத்திருப்பது உண்மையே. படங்களில் அதைக் கண்டுதான் அவன் ஏமாந்தான். புல்மோட்டையிலும் கொக்கிளாயிலும் கரையைக் கறுப்பாக்குவது இல்மனைற்று என்னும் கனியம். இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனோடு சேர்ந்தது. உள்நாட்டுப் பழம்பாறைகளை மழையும் வெயிலும் அரித்தன. ஆறுகள் சுமந்து வந்தன. கடலலை இலேசான மணலை அடித்துக்கொண்டு போய்ப் பாரமான மணியை விட்டுச் சென்றது. அதிலிருந்துதான் வெள்ளைப் பூச்சுக்கு வேண்டிய நிறப்பொருள் செய்கிறார்கள். கறுப்பு மண்ணிலிருந்து வெள்ளை நிறம்! இதைவிட வியப்பான கதையை எந்த மேடைப் பேச்சாளரால் சொல்ல முடியும்?

அப்படியானால் அந்த எரிமலை எங்கிருந்து வந்தது? அதன் பிறப்பிடத்தைத் தேடிப் போனால் நமக்கு ஒரு வெட்கம் காத்திருக்கிறது. நம் பழைய நூல்கள் எதுவும் எரிமலையைப் பற்றிப் பேசவில்லை. பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் குறிக்கிறது. இறையனார் அகப்பொருளுரை, மூன்று சங்கங்களுக்கு 4440, 3700, 1850 என ஆண்டுக்கணக்குக் காட்டிக் கடல்கோளைக் கூறுகிறது. அடியார்க்குநல்லார், கடலுள் மறைந்த 49 நாடுகளை வகுத்துரைக்கிறார். எல்லாம் கடல், எல்லாம் நீர். தீ எங்குமில்லை.

தீ வந்தது மேற்கிலிருந்து. 1864ஆம் ஆண்டில் பிலிப் ஸ்கிளேற்றர் என்ற ஆங்கில விலங்கியலார், மடகஸ்காரில் வாழும் லெமூர் என்னும் விலங்கின் உறவினங்கள் இந்தியாவிலும் காணப்படுவதற்குக் காரணம் தேடினார். இடையில் ஒரு நிலம் இருந்து அமிழ்ந்திருக்கவேண்டும் என ஊகித்து, அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். கண்டங்கள் நகரும் என்பதை அறியாத காலத்தில் அது நேர்மையான ஊகமே. ஆனால் அதனைப் பிரம்மஞான சபையினர் கைப்பற்றினர். 1888இல் பிளாவற்ஸ்கி அம்மையாரும், 1904இல் ஸ்கொட் எலியட்டும் அந்நிலத்தில் விசித்திர மனிதர்களைக் குடியேற்றினர். அதனை எரிமலைத் தீயால் அழித்தும் காட்டினர். அத்லாந்திசு நீரால் அழிந்தது, லெமூரியா நெருப்பால் அழிந்தது என்பது அவர்கள் கட்டிய கதை. அவர்கள் ஞானதிருட்டியால் கண்ட அந்த நெருப்பைத்தான் நாம் எடுத்துவந்து, அகப்பொருளுரையின் கடலோடு ஒட்டி, தமிழனின் வரலாறு என்று பிள்ளைகளுக்கு ஊட்டுகிறோம். அந்நியரிடம் கடன் வாங்கிய பொய்யைப் பாட்டன் சொத்து என்று சொல்லிப் பெருமைப்படுகிறவனை என்னவென்பது?

விஞ்ஞானமோ நின்ற இடத்தில் நிற்கவில்லை. 1912இல் வெகனர் கண்டங்கள் பெயர்வதை எடுத்துரைத்தார். 1960களில் கடலடி ஆய்வுகள் அதனை உறுதிசெய்தன. லெமூர்களுக்கு இனி அமிழ்ந்த பாலம் வேண்டியதில்லை. குமரிக்கும் இலங்கைக்கும் தெற்கே உள்ள ஆழ்கடலின் அடி, கண்டத்தின் பாறையன்று. கடலடிக்கே உரிய கரும்பாறை. அங்கே ஒரு கண்டம் இருந்து மறைந்திருக்க இடமே இல்லை. ஸ்கிளேற்றரின் ஊகத்தை அவருடைய வழிவந்த அறிஞர்களே மரியாதையோடு அடக்கம் செய்துவிட்டார்கள். நாம் மட்டும் அந்தப் பிணத்துக்கு மாலை சூட்டிக்கொண்டிருக்கிறோம்.

கடல்கொண்ட நிலம் என்பது முற்றும் பொய் என்று நான் சொல்லவில்லை. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன்னர் உலகின் நீரிற் பெரும்பகுதி பனியாக உறைந்திருந்தபோது, கடல் மட்டம் இன்றையதைவிட 120 மீற்றர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பாக்குநீரிணை அப்போது நடந்து கடக்கக்கூடிய தரை. பனி உருக உருகக் கடல் ஏறியது, கரைகள் அமிழ்ந்தன. எனவே இழந்த நிலம் உண்டு. அதில் மனிதர் நடந்ததும் உண்டு. ஆனால் அது ஒரே இரவில் தீக்கக்கி அழிந்த பேரரசன்று. பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்ல மெல்ல நீருட் சென்ற கரையோரம். உண்மை இவ்வளவு கம்பீரமாக இருக்கும்போது அதற்குப் பொய்யின் பூச்சு எதற்கு?

இதே நோய் கன்னியாவிலும் உண்டு. திருகோணமலையை அடுத்த அந்த ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கு மாணவரைச் சுற்றுலா அழைத்துச் செல்கிறோம். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் நிலத்தில் ஏழிடங்களிற் குத்திய கதையைச் சொல்கிறோம். "கீழே எரிமலை இருக்கிறது, அதனால்தான் நீர் சுடுகிறது" என்று அதனோடு ஒரு 'விஞ்ஞான'த்தையும் சேர்த்துவிடுகிறோம். முன்னது ஐதிகம், பின்னது பிழை. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. புவியின் உட்சூடு ஒவ்வொரு கிலோமீற்றர் ஆழத்துக்கும் 25 முதல் 30 பாகை வரை ஏறுகிறது. சூடேறிய நீர் வேறு பிளவின் வழியே விரைந்து மேலே வருகிறது. அவ்வளவுதான். இதற்கு எரிமலை வேண்டியதில்லை.

இராவணனின் கதையை விட்டுவிடச் சொல்கிறேனா? இல்லை. தாயை இழந்தவர்கள் அங்கே அந்தியேட்டிக் கிரியை செய்து நீராடுகிறார்கள். துயரை இறக்கி வைக்கிறார்கள். அந்தக் கதை மனித மனத்தின் ஒரு தேவையிலிருந்து பிறந்தது. எங்கள் நந்திக்கடலோரத்து வற்றாப்பளையில் கண்ணகி அம்மன் இருக்கிறாள். மதுரையை எரித்தவள் கோபம் தணிந்து இங்கே வந்து அமர்ந்தாள் என்பது எங்கள் மக்களின் நம்பிக்கை. வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பார்கள். நீதி கேட்டு எரிந்த ஒரு பெண்ணின் தீயைத் தம் துயரத்தின் துணையாகக் கொண்ட மக்களோடு எனக்கு என்ன வழக்கு? அவர்கள் அதனைப் புவியியல் என்று சொல்லவில்லை. பாடநூலில் புள்ளி வாங்குவதற்காக மனப்பாடம் செய்யவும் இல்லை. ஐதிகம் ஐதிகமாக நிற்கும்வரை அது மக்களின் செல்வம். விஞ்ஞானத்தின் சட்டையைத் திருடி அணிந்துகொண்டு வகுப்பறைக்குள் நுழையும்போதுதான் அது கேடாகிறது.

"சரி ஐயா, பொய்யாகவே இருக்கட்டும், அதனால் யாருக்கு என்ன நட்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காகவே என் வாழ்வில் நடந்த ஒன்றை எழுதவேண்டியிருக்கிறது.

2004ஆம் ஆண்டில் எனக்கு வயது 15. முல்லைத்தீவுக் கரையிலிருந்து சில கட்டை தூரத்தில் எங்கள் வீடு. அவ்வாண்டு வகுப்பில் முச்சங்க வரலாறு படித்தோம். எத்தனை புலவர், எத்தனை ஆண்டு, எத்தனை அரசர், கடல் எதைக் கொண்டது என்று வரிசை பிசகாமல் ஒப்புவித்தோம். எல்லாரிலும் நன்றாக ஒப்புவித்தவன், என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். அவன் வீடு கரையோடு இருந்தது. தகப்பனார் கரைவலைத் தொழிலாளி.

அவ்வாண்டு திசெம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை, சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி ஏறக்குறைய 1,200 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிழிந்தது. இந்துமாகடலின் கரைகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் மட்டும் 30,000க்கு மேல். முல்லைத்தீவு நகரமும் அதன் கரையோரச் சிற்றூர்களும் துடைத்தெடுக்கப்பட்டன. முதலில் ஏறிய நீர் வடிந்ததும், எல்லாம் முடிந்தது என்றெண்ணி வலையை எடுக்க என் நண்பன் ஓடினான் என்று அவனுடைய தமையனார் பின்னர் எங்களுக்குச் சொன்னார். அடுத்த அலை அதைவிடப் பெரிதாக வந்தது.

இரண்டாம் சங்கம் 3700 ஆண்டு நிலைத்தது என்பதை அறிந்திருந்த அந்தப் பிள்ளைக்கு, இரண்டாம் அலை முதலலையைவிடப் பெரிதாக இருக்கலாம் என்பதை யாரும் சொல்லியிருக்கவில்லை. கடல்கோள் என்ற சொல்லை உலகில் எவரையும்விட அதிகமாகப் பெருமையோடு உச்சரித்த இனம் நாங்கள். கடல் வந்தபோது அந்தச் சொல்லால் ஒரு பிள்ளையைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. ஏனென்றால் அந்தச் சொல்லிலிருந்து ஆபத்தைப் பிரித்தெடுத்து எறிந்துவிட்டுப் பெருமையை மட்டும் வைத்திருந்தோம்.

இப்போது இன்னொரு தீவைப் பாருங்கள். சுமாத்திராவுக்கு மேற்கே சிமெலுவே என்று ஒரு சிறு தீவு. அங்கு வாழ்வோர் மீனவரும் கமக்காரருமான ஏழை மக்கள். 1907ஆம் ஆண்டில் அவர்களைப் பேரலை அழித்தது. தப்பியவர்கள் அதற்கு 'ஸ்மொங்' என்று பெயரிட்டுப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள்: நிலம் பலமாக நடுங்கிக் கடல் வற்றினால் எதையும் எடுக்காதே, மலைக்கு ஓடு. தாலாட்டாகவும் இரவுக் கதையாகவும் அதைச் சொன்னார்கள். 2004இல் அவர்களுடைய தீவு நடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தது; அலை நிமிடங்களில் வந்தது. ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர்கள் 7 பேர் மட்டுமே. எங்கள் கரைக்கு அலை வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த நேரத்தில் ஒரு வயோதிபர் தடியூன்றி நடந்தே உயிர் தப்பியிருக்கலாம்.

அவர்களிடமும் பழங்கதை இருந்தது, எங்களிடமும் இருந்தது. அவர்களுடைய கதை, 'நீ என்ன செய்யவேண்டும்' என்று சொன்னது. எங்களுடைய கதை, 'நீ எத்தனை பெரியவன்' என்று மட்டும் சொன்னது. வேறுபாடு இதுதான்.

யப்பானியரிடமும் இத்தகைய கதை உண்டு. 1854ஆம் ஆண்டில், யப்பானியரின் பழைய நாட்காட்டிப்படி 11ஆம் மாதம் 5ஆம் நாளில், அமாகுச்சி கோரியோ என்பவர் வைக்கோற் போர்களுக்குத் தீயிட்டு, அந்த வெளிச்சத்தில் ஊராரை மேட்டுக்கு வழிநடத்திப் பேரலையிலிருந்து காத்தார். 1937 முதல் 1947 வரை அந்நாட்டுப் பிள்ளைகள் அதைப் பாடநூலில் படித்தார்கள். 2015இல் ஐக்கிய நாடுகள் சபை அதன் நினைவாக நவெம்பர் 5ஐச் சுனாமி விழிப்புணர்வு நாளாக அறிவித்தது. அதுவும் இலக்கியந்தான், அதிலும் தீயிருக்கிறது. ஆனால் அத்தீ வழிகாட்டியது.

எரிமலையைப் பற்றிப் பேசவேண்டுமா? தாராளமாகப் பேசுவோம். ஆனால் உள்ள எரிமலையைப் பற்றிப் பேசுவோம். எங்கள் தட்டு வடகிழக்கே சென்று சுமாத்திராவின் கீழ் அமிழ்கிறது. அதனாலேயே அந்த விளிம்பு நெடுக எரிமலைகள் நிற்கின்றன. 2004இல் கிழிந்ததும் அதே விளிம்புதான். 1883 ஓகஸ்ட் 27ஆம் திகதி கிராக்கட்டோவா வெடித்தபோது 36,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களுட் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பன்று, அலை. அந்த அலை இலங்கைவரை வந்தது. காலியில் கடல் பின்வாங்கியது. பாணமையில் ஒரு பெண் இறந்ததாகப் பதிவாகியது. அதன் வாரிசான குட்டி எரிமலை, 2018 திசெம்பர் 22ஆம் திகதி ஒரு பக்கம் சரிந்து கடலில் விழ, சுண்டா நீரிணைக் கரைகளில் 400க்கும் மேற்பட்டோர் முன்னறிவிப்பேதுமின்றி மாண்டனர். எங்களுக்குரிய எரிமலைப் பாடம் இதுவே: மலை அங்கே, அலை இங்கே. இதைக் கற்பிக்க எந்தக் குமரிக்கண்டமும் வேண்டாம்.

என் நண்பர்களுட் சிலர் என்மீது கோபங்கொள்வர் என்பதை அறிவேன். "ஒடுக்கப்பட்ட இனத்துக்கு எஞ்சியிருப்பது பழம்பெருமை ஒன்றுதான், அதையும் பறித்துப் பகைவன் கையிற் கொடுக்கிறாயா?" என்பர். இந்த வாதத்தை நான் இலேசாகத் தள்ளிவிடமாட்டேன். நிலத்தையும் பிள்ளைகளையும் இழந்த மக்களுக்கு மறைந்த தாயகத்தின் கதை ஏன் இனிக்கிறது என்பது எனக்கும் விளங்கும். ஆனால் பொய்யின்மீது கட்டிய உரிமையைத்தான் பகைவன் எளிதில் உடைப்பான். 1980இல் ஆனைக்கோட்டையில் பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. எங்கள் பூநகரியிலும் தொல்குடியிருப்புகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. இவை கையில் எடுத்துக் காட்டக்கூடிய சான்றுகள். இவற்றைப் பற்றி எத்தனை பாடசாலைகளில் எத்தனை பாடவேளைகள் ஒதுக்கியிருக்கிறோம்? கடலடிக் கண்டத்துக்கு ஒதுக்கிய நேரத்திற் பாதியையேனும் கொடுத்தோமா? மெய்யான தொன்மையைப் புழுதியிற் போட்டுவிட்டுப் பொய்த் தொன்மைக்குத் தேரோட்டுவது இனப்பற்று அன்று, சோம்பல்.

"அப்படியானால் இறந்தவர்களின் அறியாமையே அவர்களைக் கொன்றது என்கிறாயா?" என்று இன்னொரு சாரார் கேட்பர். ஒருபோதும் இல்லை. பசிபிக் மாகடலுக்கு 1949 முதலே எச்சரிக்கை நிலையம் இருந்தது. ஏழை நாடுகள் சூழ்ந்த இந்துமாகடலுக்கு 2004இல் எந்த எச்சரிக்கை அமைப்பும் இல்லை. 2011இல்தான் அது முழு அளவில் இயங்கத் தொடங்கியது. கரையோரத்துக் குடிசைகளில் வாழ்ந்தவர்கள் விரும்பி அங்கே வாழவில்லை. வலையும் தோணியும் அங்கே இருந்தன. அலைக்குப் பின்னர் அரசு தெற்கே 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று கரையோரத் தடைவலயத்தை அறிவித்தது. அந்த எண்ணிக்கையின் காரணத்தை எங்கள் வகுப்பில் எவரும் விளக்கவில்லை. பழி மேலே இருப்பவர்கள்மீதே முதலில் விழும். ஆனால் ஆள்வோர் தவறினார்கள் என்பதற்காக ஆசிரியனின் தவறு மன்னிக்கப்பட்டுவிடாது. மக்களிடம் அறிவு சேர்ந்தாலன்றி ஆள்வோரைக் கேள்வி கேட்பதற்கும் வழியில்லை. எச்சரிக்கைக் கோபுரம் பழுதாகி நிற்பதைக் கண்டு கேட்கவேண்டுமானால், அது எதற்காக நிற்கிறது என்பதை முதலில் அறிந்திருக்கவேண்டுமே!

நிலத்துக்கு அடியில் நெருப்பிருக்கிறது என்றால், வன்னிக்கு அது வேறு பொருளில் முற்றிலும் உண்மை. 2009இல் போர் முடிந்து பதினைந்து ஆண்டுகள் சென்றபின்னும் முகமாலை மண்ணிலிருந்து கண்ணிவெடிகளைக் கிளறி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பெண்கள் பலர் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக அந்த மண்ணைச் சோதித்தார்கள். அந்தத் தீயைப் புதைத்தது இயற்கையன்று, மனிதர். மழையும் எங்களுக்கு ஆபத்தே. 2018 திசெம்பர்ப் பெருமழையில் குளங்கள் நிரம்பி வான்பாய்ந்து, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் வீடுகளைவிட்டு இடம்பெயர்ந்து நின்றார்கள். ஒரு குளத்தின் நீர்மட்டம் என்ன அடியில் ஆபத்தாகிறது, வான்கதவு திறந்தால் நீர் எந்த வழியாக எத்தனை மணி நேரத்தில் எந்த ஊரை அடையும் என்பன அந்தந்த ஊர்ப் பாடசாலைச் சுவரில் எழுதப்பட்டிருக்கவேண்டிய செய்திகள். எங்கள் சுவர்களில் எழுதப்பட்டிருப்பன என்ன? மூத்தகுடி நாங்களே என்னும் முழக்கங்கள்.

ஆகவே தமிழாசிரியர்களாகிய என் சகோதரர்களிடமும் சகோதரிகளிடமும் நான் கேட்பன சிலவே.

கடல்கோள் பாடத்தை நீக்கவேண்டாம், முழுதாகக் கற்பிப்போம். உரையாசிரியர் என்ன சொன்னார், அவர் எக்காலத்தவர், ஏன் அப்படிச் சொல்லியிருக்கலாம் என்பதை இலக்கிய வரலாறாகச் சொல்வோம். லெமூரியாவை அதன் உண்மையான பிறப்புச் சான்றிதழோடு காட்டுவோம். அதே பாடவேளையில், புவியியல் ஆசிரியரை அழைத்துவந்து, கடல் உண்மையில் எப்படி வருகிறது என்பதையும் சொல்லவைப்போம்.

எங்கள் கரைக்கு எங்களுடைய 'ஸ்மொங்'கை நாங்களே ஆக்கவேண்டும். சிமெலுவேயின் சொல்லை அப்படியே கடன் வாங்க முடியாது. அவர்கள் காலடியில் நிலம் நடுங்கியது. தொலைவில் உள்ள எங்களிற் பலர் அன்று நடுக்கத்தை உணரவேயில்லை. அவர்களுக்கு ஓடி ஏற மலையிருந்தது. எங்களுக்கு ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் நந்திக்கடலுமாகத் தட்டையான நிலந்தான் உண்டு. சில சமயம் கடல் வற்றாமலே முதலில் ஏறும். ஆகவே எங்கள் பிள்ளை அறியவேண்டியவை இவை: கடல் வழக்கத்துக்கு மாறாக ஏறினாலும் ஓடு, வற்றினாலும் ஓடு. அறிவிப்புக் கேட்டால் பார்க்கப் போகாதே. முதல் அலை கடைசி அலையன்று, மணிக்கணக்காகத் திரும்பாதே. வலை போனால் இன்னொரு வலை பின்னலாம். ஒவ்வோர் ஊரிலும் எந்த ஒழுங்கையால் உள்நோக்கிப் போவது என்பதை நடந்து பார்த்துப் பழகவேண்டும். திசெம்பர் 26 தேசிய பாதுகாப்பு தினமாக நினைவுகூரப்படுகிறது. அன்று பாடசாலைகளுக்கு விடுமுறை. விளக்கேற்றி அழுவதோடு அந்த நாள் முடிந்துவிடுகிறது. நவெம்பரில், பாடசாலை நடக்கும்போதே, அந்த ஒழுங்கையில் பிள்ளைகளை ஒருமுறை நடத்திச் செல்வோம். அதுவே இறந்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மெய்யான அஞ்சலி.

என் குற்றத்தை இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. ஆசிரியனாக வந்தபின் பல ஆண்டுகள் தவணைப் பரீட்சை வினாத்தாளில் நானே கேட்டிருக்கிறேன்: "இடைச்சங்கம் எத்தனை ஆண்டுகள் நிலைபெற்றது?" என் வாங்குத் தோழன் சாவதற்குமுன் மனப்பாடம் செய்த அதே எண்ணை, அதே கரையின் இன்னொரு தலைமுறைப் பிள்ளைகளிடம் கேட்டுப் புள்ளி வழங்கியிருக்கிறேன். வேறு எதையும் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பழக்கம் அத்தனை கொடியது.

இவ்வாண்டு வினாத்தாளை மாற்றியிருக்கிறேன். உரையாசிரியர் கூறும் கடல்கோளுக்கும் 2004இல் நம் கரையில் நிகழ்ந்ததற்கும் உள்ள வேறுபாடு யாது. உங்கள் ஊரில் கடல் ஏறினால் எந்த வழியாகப் போவீர்கள் என்று கேட்டிருக்கிறேன். போத்தல் கொண்டுவந்த மாணவன் இரண்டாம் பகுதிக்கு ஒரு படம் வரைந்திருந்தான். அதில் அவன் வீடு, கோயில், ஒழுங்கை, பிரதான வீதி எல்லாம் இருந்தன. எரிமலை இருக்கவில்லை. முழுப் புள்ளியும் கொடுத்தேன். அவனுடைய கரிய மணல் இப்போது எங்கள் ஆய்வுகூடத்து அலுமாரியில் இருக்கிறது. 'இல்மனைற்று, கொக்கிளாய்' என்று அவனே சீட்டெழுதி ஒட்டியிருக்கிறான்.